ஒரு கரண்டிப் பாலும் நாற்பது கிராமும்

வண்டிப்பெரியார்
9-8-1974

தங்கச்சி வேலுத்தாய்க்கு அண்ணன் பிச்சைமணி எழுதுவது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியில் உன் புருஷன் வாயில் பால் ஊற்றியது நான்தான். ஒரு கரண்டி ஊற்றினேன். பாதி வெளியே வழிந்தது, பாதி உள்ளே போனது. உடனே அவர் உடம்பு வில்லாக வளைந்து முகம் நீலம் பாய்ந்தது. நர்ஸம்மா ஓடிவந்து குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தார். அப்புறம் என் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார். நீ துணி அலசிவிட்டு வந்து என்னைப் பார்த்தாய். நேராக உள்ளே போய்விட்டாய்.

ஏன் ஊற்றினேன் என்று கேட்க உனக்கு நேரம் இல்லை, அதனால் எழுதுகிறேன். முந்தின நாள் லாரி ஓட்டும் சூசையப்பன் கடைக்கு வந்தான். "மொதலாளி, ஒங்க மாப்பிள்ளைக்குக் கால் காயத்துல வந்த ரணஜன்னி முத்திப்போச்சு. தொண்டைய அறுத்து ஓட்டை போட்டுட்டாக. இனி வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக வேண்டியதுதான்" என்றான். தொண்டையை அறுத்தபின் ஒரு மனுஷன் பிழைத்து நான் கேட்டதில்லை. மூச்சு விடுவதற்காகத்தான் அந்த ஓட்டை என்று எனக்கு யார் சொன்னார்கள்? சர்க்கரை எடை விஷயத்தில் முகம் முறிந்து இரண்டு வருஷம் நானும் மாப்பிள்ளையும் பேசவில்லை. போகிற மனுஷன் என் கையால் ஒரு வாய் பாலாவது வாங்கிக்கொண்டு போகட்டும் என்று முதல் பஸ்ஸில் ஏறினேன். வாசல்காரனுக்கு ஒரு கட்டு பீடி கொடுத்து உள்ளே வந்தேன். தாடை கிட்டிக் கிடந்தது. கடைவாயில் பல் விழுந்த சந்து ஒன்று தெரிந்தது. அதன் வழியாக ஊற்றினேன்.

சுற்றி வளைத்துப் பேசுகிறவன் இல்லை நான். தப்பு என்னுடையது. என்ன வேண்டும் என்று எழுது. கடையில் இருப்பதும் அனுப்புவேன், இல்லாததை வாங்கியும் அனுப்புவேன். இப்போதைக்கு கண்டக்டர் வசம் இரண்டு டஜன் ஆரஞ்சு கொடுத்து விட்டிருக்கிறேன்.

பிச்சைமணி


மிஷன் ஆஸ்பத்திரி
12-8-1974

அண்ணன் அவர்களுக்கு,

ஆரஞ்சு வந்தது. வாய் திறக்க முடியாதவருக்கு ஆரஞ்சு அனுப்பியிருக்கிறீர்கள். அடுத்த கட்டில்காரர்கள் தின்றார்கள்.

வியாழக்கிழமையிலிருந்து காய்ச்சல் நூற்று மூன்று. நெஞ்சுக்குள் கரகரவென்று சத்தம் கேட்கிறது. நீங்கள் ஊற்றிய பால் நுரையீரலுக்குள் போய்விட்டது என்று டாக்டர் சொல்கிறார். மூக்கில் விட்டிருக்கும் குழாய் நேராக வயிற்றுக்குப் போகிறது, அதில் நர்ஸ் பால் ஊற்றலாம். விழுங்க முடியாதவர் வாயில் யார் எதை ஊற்றினாலும் அது மூச்சுப்பையில்தான் இறங்கும். இது எனக்கும் இப்போதுதான் தெரியும். ஆனால் நான் ஊற்றவில்லை.

பால் மட்டும் இல்லை, வாயில் சேர்கிற அழுக்கும் அப்படித்தான் இறங்கிக் காய்ச்சலை வளர்க்கிறதாம். பன்னிரண்டு நாளாக அந்த வாயில் தண்ணீர் படவில்லை. பல் விழுந்த சந்து வழியாகப் பார்த்தால் நாக்கு காய்ந்து வெடித்துப் போயிருக்கிறது. மேலே பழுப்பாக அடை மாதிரி ஒட்டிக்கிடக்கிறது. புகையிலைக் காவி வேறு. கிட்டே போனால் நாற்றம் தாங்கவில்லை. இந்தத் தீவிர சிகிச்சை அறையில் நாலு கட்டிலுக்குச் சிசிலி சிஸ்டர் ஒருத்திதான். அவர் என்னைக் கூப்பிட்டு, "கரஞ்சது போதும். கை கழுவிட்டு வா, வாய் துடைக்கப் படிச்சுத் தரேன்" என்றார். அழுது முடித்துவிட்டுக் கை கழுவினேன்.

ஊசி போட்டு அரை மணி கழித்துத்தான் தொட வேண்டும். முன்னால் தொட்டால் உடம்பு வளைந்துவிடும். தலையைப் பக்கவாட்டில் திருப்பி, முதலில் சிஸ்டர் எச்சிலை உறிஞ்சி எடுப்பார். சோடா உப்பு கரைத்த தண்ணீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, கிடுக்கியில் சுற்றித் துடைக்க வேண்டும். ஒரு சொட்டு உள்ளே விழக்கூடாது. பல்லுக்கு ஒரு துணி, ஈறுக்கு ஒரு துணி, தாடை விட்டபிறகு நாக்குக்கு ஒரு துணி. ஒரு தடவை உள்ளே போன துணி மறுபடி போகக்கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அவருக்கு நினைவு தப்பவில்லை. ஊசி மயக்கத்தில் கண் மூடிக் கிடந்தாரே ஒழிய, எல்லாம் கேட்கும், எல்லாம் தெரியும் என்கிறார் டாக்டர். உயிரோடு இருக்கிறவர் தன்னுடைய கடைசிப் பாலைத் தானே குடித்திருக்கிறார். நீங்கள் இங்கே வர வேண்டாம்.

வேலுத்தாய்


வண்டிப்பெரியார்
15-8-1974

தங்கச்சிக்கு,

பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டாய். கடிதம் முழுக்க நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். நீ திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

வரவில்லை. சாமான் மட்டும் வருகிறது. கோட்டயம் பஸ் டிரைவர் வசம் ஒரு பிஸ்கட் டின் கொடுத்திருக்கிறேன். ஆறு வருஷம் கட்டிப் பஞ்சாகிப்போன என் மல் வேட்டிகள் இரண்டைக் கொதிநீரில் போட்டெடுத்து, வெயில் இல்லாததால் அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைத்து, உள்ளங்கை அளவுக்கு வெட்டி வைத்திருக்கிறேன். புதுத் துணி முரடு, ஈறைக் கிழிக்கும். குமுளி மருந்துக்கடையில் கிளிசரின் இரண்டு புட்டி வாங்கினேன், உதட்டுக்குத் தடவ. காம்பவுண்டரைக் கேட்டுத்தான் வாங்கினேன், நானாக எதுவும் செய்யவில்லை. சோடா உப்பு நூறு கிராம் பொட்டலம் ஐந்து. மூன்று பேட்டரிக் கட்டை டார்ச் ஒன்று, வாய்க்குள் பார்க்காமல் என்ன துடைப்பாய்? பல்லுக்கு நடுவே வைக்க இன்னாசிராஜ் ஆசாரி காப்பி மரத்தில் விரல் கனத்துக்கு நாலு குச்சி சீவித் தந்தான். துணி சுற்றித்தான் வைக்க வேண்டும், வெறும் மரம் பல்லை உடைத்துவிடும்.

நீ எழுதியதில் ஒன்று கேட்க வேண்டும். மாப்பிள்ளைக்கு எல்லாம் கேட்கும் என்றாயே, மெதுவாகப் பேசினாலுமா? காது பக்கத்தில் குனிந்து சொன்னால்?

பிச்சைமணி


மிஷன் ஆஸ்பத்திரி
20-8-1974

அண்ணனுக்கு,

டின் வந்தது. துணி நல்ல துணி. சிஸ்டர் தொட்டுப் பார்த்து, இதுபோல் இங்கே இல்லை என்றார். டார்ச்சை அடித்ததும் வெளிச்சம் பட்டு அவருக்கு இழுப்பு வந்துவிட்டது. இப்போது கண்ணுக்கு ஒரு துணியும் டார்ச் முகப்புக்குச் சிவப்புத் துணியும் கட்டித்தான் பார்க்கிறேன்.

சோடா உப்புப் பொட்டலத்தை மருந்துச்சாலைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். உங்கள் கடைச் சாமானை எடை பார்க்காமல் வாங்கக்கூடாது என்று கட்டிலில் கிடக்கிறவர் ஒரு காலத்தில் சொன்னது ஞாபகம் வந்தது. நூற்று நாலு கிராம் இருந்தது. எந்த எடைக்கல்லை வைத்து நிறுத்தீர்கள் என்று தெரியவில்லை.

முதல் மூன்று நாள் குச்சி ஒரு நூல் கனத்துக்கு மேல் உள்ளே போகவில்லை. கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே மட்டும் துடைத்தேன். நேற்று ஒரு விரல் அளவு தாடை விட்டது. நாக்கின் அடை ஓரத்தில் ஊறிக் கழன்றது. இழுக்கக் கூடாது, நனைத்து நனைத்துத்தான் எடுக்க வேண்டும். அடியில் நாக்கு சிவப்பாகத் தெரிந்தது. தேயிலைச் செடி வெட்டக் கவ்வாத்துக்குப் போன இடத்தில் கத்தி காலில் பட்ட அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க என்று கெஞ்சினேன். மஞ்சளை அப்பிக்கொண்டு போய்விட்டார். அந்த வாய் என்னிடம் எத்தனை எகத்தாளம் பேசியிருக்கிறது. இப்போது அதன் உள்பக்கம் முழுக்க எனக்குத் தெரியும். இடது கடைவாயில் ஒரு சொத்தை இருக்கிறது. இத்தனை வருஷம் வலியைச் சொல்லாமல் மென்றிருக்கிறார்.

காய்ச்சல் நூற்றொன்று. நெஞ்சு இன்னும் கரகரக்கிறது. பிழைப்பார் என்று டாக்டர் வாயால் இன்னும் சொல்லவில்லை.

மெதுவாகச் சொன்னாலும் கேட்கும். தண்ணீர்க் குவளையைத் தூரத்தில் வைக்கிற சத்தத்துக்கே இமை துடிக்கிறது. அவர் காதில் நீங்கள் என்ன சொன்னீர்கள்?

வேலுத்தாய்


வண்டிப்பெரியார்
23-8-1974

தங்கச்சிக்கு,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். படித்ததும் கிழித்துப் போடு. வேண்டாம், கிழிக்காதே. உன் இஷ்டம்.

"மாப்பிள்ளே, நீங்க சொன்னது நெசம். கல்லு நாப்பது கிராம் குறைவுதான். சூடம் அணைச்சது பொய். மன்னிச்சுட்டுப் போங்க." இதுதான் சொன்னேன். பிறகுதான் பாலை ஊற்றினேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சம்பள நாளில் உன் புருஷன் என் கடைச் சர்க்கரை ஒரு கிலோவை எஸ்டேட் ஃபேக்டரித் தராசில் வைத்து, தொள்ளாயிரத்து அறுபது கிராம்தான் என்று லயத்து வீட்டு ஜனம் முழுக்கப் பார்க்கக் காட்டினார். நான் ஃபேக்டரித் தராசுதான் பொய் என்றேன். மாரியம்மன் கோயிலில் கையில் சூடம் ஏற்றி அணைத்து, என் கல் சரி என்று சத்தியம் பண்ணினேன். ஜனம் என்னை நம்பியது. கல்லின் அடிக்குழியில் இருக்கும் ஈயத்தைச் சுரண்டியது நான். கம்பத்திலிருந்து தலையில் கருவாட்டுக் கூடை சுமந்து மலை ஏறி வந்தவன் நான். எல்லாக் கடையிலும் நடப்பதுதானே என்று ஆரம்பித்தேன், பிறகு நிறுத்தத் தெரியவில்லை.

சூசையப்பன் வந்து சொன்னபோது எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? அந்தச் சூடம் என் தலையில் விழாமல் உன் தாலியில் விழுந்துவிட்டது என்றுதான். அந்தப் பயத்தில்தான் ஓடிவந்தேன். பாசத்தில் வந்தேன் என்று சொன்னால் அதுவும் எடை குறைவாகத்தான் இருக்கும்.

சோடா உப்பை நிறுத்தது புதுக் கல்லில். கடையில் சர்க்கரைக்கு இன்னும் பழைய கல்தான். மாற்றினால் ஏன் மாற்றினாய் என்று நாலு பேர் கேட்பார்கள்.

துணி இன்னும் அனுப்பியிருக்கிறேன். வேட்டி தீர்ந்து உன் மதினியின் பழைய சேலையில் கை வைத்துவிட்டேன்.

பிச்சைமணி


மிஷன் ஆஸ்பத்திரி
28-8-1974

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை ஜன்னல் ஓரத்தில் நின்று படித்தேன்.

அன்றைக்குக் கோயிலில் நீங்கள் சூடத்தை அணைத்ததும் லயத்து ஆட்கள் அவரைப் பொய்யன் என்றார்கள். வீட்டுக்கு வந்து நானும் சொன்னேன். "எங்கண்ணன் பொய்ச் சத்தியம் பண்ண மாட்டான். ஒங்களுக்குப் பொறாம" என்றேன். அவர் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார். இரண்டு வருஷமாக அந்தப் பேச்சை எடுத்ததில்லை. இப்போது ஒவ்வொரு தடவை அந்த வாயைத் திறக்கும்போதும், அன்றைக்கு இது என்ன சொல்லாமல் விட்டது என்று நினைக்கிறேன். உங்கள் மேல் கோபம் இருக்கிறது. ஆனால் முழுக் கோபத்தையும் உங்கள் மேல் போட முடியவில்லை.

காய்ச்சல் இறங்கிவிட்டது. முந்தாநாள் தொண்ணூற்றொன்பது. நெஞ்சில் சத்தம் குறைந்திருக்கிறது. இழுப்பு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவைதான். வாய் சுத்தமாக இருப்பதால்தான் மறுபடி சளி கட்டவில்லை என்று டாக்டர் மற்ற கட்டில்காரர்களின் சொந்தக்காரர்களை அழைத்து வந்து காட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது ஒரு காரியம். திங்கட்கிழமை நான் காலைப் பிரட்டில் ஆட்களோடு நின்று வேலைக்குப் பேர் கொடுக்காவிட்டால் எஸ்டேட்டில் என் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் வீடும் போகும். இரண்டு நாளாவது வேலைக்கு நின்றுவிட்டுத்தான் திரும்ப முடியும். இரண்டு மணிக்கு ஒரு தடவை துடைக்க வேறு ஆள் இல்லை. வாடகைக்குக் கிடைக்கிற ஆள் துணியைப் பிழிய மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வாருங்கள். சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறேன். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வாருங்கள். உங்கள் கடிதத்தை அவருக்கு நான் படிக்கவில்லை. சொல்வதானால் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். துணியைப் பிழியுங்கள். கையை முறுக்கி, சொட்டுவது நின்றபிறகு இன்னொரு தடவை.

வேலுத்தாய்


மிஷன் ஆஸ்பத்திரி
3-9-1974

தங்கச்சிக்கு,

முதலில் உனக்கு வேண்டியது. காய்ச்சல் இல்லை. இழுப்பு நேற்று ஒன்று, இன்று இதுவரை இல்லை. ஒரு சொட்டு உள்ளே விழவில்லை.

சிசிலி சிஸ்டர் என்னை முதலில் தொடவே விடவில்லை. "பால்காரனல்லே நிங்ஙள்? முதல்ல என்டெ கையில் துடைச்சுக் காட்டு" என்று தன் உள்ளங்கையை நீட்டினார். துடைத்தேன். கையைக் கவிழ்த்துப் பார்த்தார், ஈரம் சொட்டவில்லை. அப்புறம்தான் கட்டில் பக்கம் விட்டார். ஐம்பது வயதில் பரீட்சை எழுதிப் பாஸானேன்.

நீ எழுதியபோது எனக்கு இது துடைக்கிற வேலை என்றுதான் தோன்றியது. குனிந்து பார்த்தபிறகுதான் தெரிந்தது. ஒரு மனுஷன் வாயைத் திறந்து இன்னொருத்தன் கையில் கொடுத்துவிட்டுக் கிடப்பது சின்ன விஷயம் இல்லை. அவருக்குக் கடிக்க முடியாது, துப்ப முடியாது, வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. நான் போன தடவை செய்தது வேறு அவருக்கு ஞாபகம் இருக்கிறது. முதல் துணியைக் கிட்டே கொண்டுபோனதும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். உதடு நடுங்கியது. "மாப்பிள்ளே, பால் இல்ல. சோடாத் தண்ணி. அதுவும் பிழிஞ்சாச்சு" என்று துணியை அவர் கண் முன்னால் பிழிந்து காட்டினேன். ஒவ்வொரு துணியையும் அப்படிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே விட்டேன். ஆறாவது துணிக்கு உதடு நடுங்கவில்லை.

நேற்று நாலு மணிக்குத் துடைத்து முடித்து உதட்டுக்குக் கிளிசரின் தடவும்போது வலது கையை மெத்தையிலிருந்து தூக்கினார். கட்டை விரலை மடக்கி நாலு விரலைக் காட்டினார். சிஸ்டர் சிரித்துவிட்டு, "கண்டோ, சமயம் சொல்லுது. நாலு மணி, சரிதான்" என்றார். நானும் தலையாட்டினேன். சிஸ்டர் நகர்ந்ததும் மறுபடி அதே நாலு விரல். என் முகத்துக்கு நேரே.

மணி இல்லை தங்கச்சி. நாற்பது.

ஓடிவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆறு மணித் துணி பாக்கி இருந்தது, எங்கே ஓடுவது? குனிந்து, "ஆமா மாப்பிள்ளே, நாப்பது. மறந்திருப்பீகன்னு நெனச்சேன்" என்றேன். அவர் கண்ணோரம் சுருங்கியது. தாடை கிட்டியவன் சிரித்தால் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

நீ புதன்கிழமை வந்துவிடு. வந்தாலும் நான் உடனே போகப்போவதில்லை. காலைத் துணி உனக்கு, சாயங்காலத் துணி எனக்கு.

பிச்சைமணி


எஸ்டேட் லயம்
12-9-1974

அண்ணனுக்கு,

அங்கே வந்து ஒரு வாரம் உன்னோடு மாறி மாறித் துடைத்துவிட்டு மறுபடி வேலைக்கு நிற்கிறேன். நேரில் கேட்க நினைத்தது, சிஸ்டர் முன்னால் கேட்க முடியவில்லை.

சனிக்கிழமை தொண்டைக் குழாயை எடுப்பார்கள் என்கிறாய். எடுத்ததும் அவர் பேசுவார். நீ அவரை நன்றாகப் பார்த்துக்கொண்டாய், இல்லை என்று சொல்லவில்லை. அதற்குப் பதிலாக அவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தால் இப்போதே அழித்துவிடு. வாய் துடைத்ததைக் காட்டி வாயை அடைக்காதே. லயத்தில் இன்னும் அவரைப் பொய்யன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பேரோடு அவர் இந்த வீட்டுக்குத் திரும்பக் கூடாது.

கிளிசரின் தீர்ந்துவிட்டது. வாங்கி வை.

வேலுத்தாய்


மிஷன் ஆஸ்பத்திரி
15-9-1974

தங்கச்சிக்கு,

மறுபடி நீ என்று எழுதியிருக்கிறாய். அதற்காக உன் திட்டை இரண்டு தடவை படித்தேன். நீ சந்தேகப்பட்டது தப்பில்லை, அந்தக் கணக்கு எனக்குள் இருந்தது. பேசாமல் புதுக் கல்லை வைத்துவிட்டு, மாப்பிள்ளைக்கு ஒரு ஜதை வேட்டி எடுத்துக் கொடுத்து முடித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

நேற்றுக் காலை குழாயை எடுத்தார்கள். ஓட்டையின் மேல் துணி வைத்து விரலால் அழுத்திக்கொண்டால் பேச்சு வருகிறது, கரகரவென்று. முதல் பேச்சு உன் பேர். இரண்டாவது, வாய் கொப்பளிக்கத் தண்ணீர். சிஸ்டர் உட்காரவைத்துக் குவளையைக் கொடுத்தார். தானே கொப்பளித்துத் தானே துப்பினார். நாற்பத்தாறு நாளுக்கு அப்புறம் ஒரு மனுஷன் துப்புவதைப் பார்த்து மூன்று பேர் சந்தோஷப்பட்டோம். மூன்றாவது பேச்சு என்னைப் பார்த்து: "கல்லு எங்க?"

கடையில்தான் இருக்கிறது என்றேன். புதுசு மாற்றிவிடுகிறேன் என்றேன். போதாது என்று தலையை ஆட்டினார். "சூடம் எங்க அணைச்சீக?" என்றார். கோயிலில் என்றேன். "அங்கேயே சொல்லணும்." கோயில் வேண்டாம் மாப்பிள்ளே, கடை வாசலில் சொல்கிறேன், ஜனம் வருகிற இடம்தானே என்று கேட்டுப் பார்த்தேன். விரலைத் தொண்டையிலிருந்து எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பேச முடியாத ஆளிடம் பேரம் பேசுவது மாதிரிக் கஷ்டம் உலகத்தில் இல்லை. இறங்கி வரவே மாட்டான். கோயிலுக்குச் சரி என்றேன்.

குறைத்ததற்கு என்ன என்று கண்ணைத் திறந்து கேட்டார். கிலோவுக்கு நாற்பது கிராம் கூடுதலாகப் போடுகிறேன், ஆறு மாதம் என்றேன். இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு மாதமா என்று கேட்டேன், தெரியாத மாதிரி. சிசிலி சிஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு கொல்லம்" என்று அவருக்காக அந்தம்மா பதில் சொன்னார். இரண்டு வருஷம் அதிகம், ஒரு வருஷம் என்றேன். விரல் இறங்கவில்லை. அவர் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு நானே பிடித்து மெத்தையில் வைத்தேன். அப்படியே ஒத்துக்கொண்டதாக ஆகிவிட்டது.

உனக்கும் தெரிய வேண்டும் என்று முடிவானதை எழுதுகிறேன். வருகிற சம்பள நாள் சாயங்காலம் மாரியம்மன் கோயிலில், பழைய கல்லையும் ஃபேக்டரித் தராசையும் வைத்து, மாப்பிள்ளை சொன்னது நிஜம், நான் சத்தியம் பண்ணியது பொய் என்று லயத்து ஜனம் கேட்க என் வாயால் சொல்வது. அவர் நடந்து வர முடியாவிட்டால் நான் நாற்காலியில் தூக்கி வருவது. அதுவரை சாயங்காலத் துணியும் கிளிசரினும் என் பொறுப்பு. மறுநாளிலிருந்து இரண்டு வருஷத்துக்கு என் கடையில் ஒரு கிலோ என்றால் ஆயிரத்து நாற்பது கிராம்; விலை, ஒரு கிலோவின் விலை.

உன் அண்ணன்
பிச்சைமணி